பத்தில் வைத்த சீனி

ஆயுத பூஜை முடிந்த பிறகு ஜெபக்கனிக்கு இரண்டு வாரத்துக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பாளையங்கோட்டையில் பாதி வீடுகளில் கணினி மண்டையைப் போட்டிருக்கும். காரணம் வேறொன்றுமில்லை, பக்திதான். பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறேன் என்று சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, சரியாகக் காற்றுப் போகிற ஓட்டையில் அப்பிவிடுவார்கள். குங்குமம் விசிறிக்குள் போயிருக்கும். போன வருஷம் ஒரு வீட்டில் பொரிகடலையே உள்ளே கிடந்தது. ஜெபக்கனி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இந்தப் பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். வீடு தேடி வருகிற வேலையை யாராவது பழிப்பார்களா?

அன்றைக்குக் காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனது மகாராஜநகரில் ஆறுமுகநயினார் வீட்டுக்கு. நயினார் முப்பத்திரண்டு வருஷம் பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸெல்லாம் தானாக ஓடித் தானாகவே டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முந்தின கடைசித் தலைமுறை. பின்படிக்கட்டில் நின்று அவர் வாயாலேயே 'ரைட்' கொடுத்தால் முன்னால் படுத்திருக்கிற மாடு எழுந்து ஒதுங்கும் என்று பேர். நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அந்த வாயைத்தான் கொண்டுபோனது. வலக்காலும் வலக்கையும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. எழுதிக் காட்டலாமென்றால் எழுத்தும் தலைக்குள் குழம்பிக் கிடந்தது. தலையை ஆட்டுவார், இடக்கையை அசைப்பார், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அந்தக் கணினி. விளக்கு, கேஸ், மருந்து நேரம் எல்லாம் பார்த்துக்கொள்கிற வழக்கமான வீட்டுக் கணினிதான். கூடவே நயினார் நெற்றியில் ஒரு பட்டை உண்டு. மண்டைக்குள் எழுகிற பேச்சைப் பட்டை பிடித்துக் கொடுக்கும், பெட்டி அதைக் குரலாக்கிச் சொல்லும். குரலும் அவருடைய பழைய குரலேதான், மகள் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்தது. நாலு வருஷத்துக்கு முன் இதைக் கொண்டுவந்து மாட்டியவளும் ஜெபக்கனிதான்.

"வா தாயி," என்று கதவைத் திறந்தாள் நயினாரின் மனைவி கோமதி. "ஒம்போது நாளாச்சு. சவம் கண்ணே முழிக்க மாட்டேங்கு."

"பூஜைக்குச் சந்தனம் வச்சீங்களா மைனி?"

"வைக்காம இருப்பனா? வருஷா வருஷம் வைக்கதுதான்."

"எந்த ஓட்டையில?"

கோமதி முறைத்தாள். ஜெபக்கனி சிரித்துக்கொண்டே பெட்டியின் மூடியைக் கழற்றினாள். எதிர்பார்த்தபடியே சந்தனம் காய்ந்து அடை அடையாக இருந்தது. சுரண்டி எடுத்து, விசிறியைத் தூரிகையால் துடைத்து, மின்சாரம் பார்த்தாள். வந்தது. நினைவுத் தட்டைப் பார்த்தாள். நன்றாக இருந்தது. விசிறி சுற்றியது. ஆனால் திரை மட்டும் அடைமழை நாளின் வானம் போல இருண்டே கிடந்தது.

நயினார் ஜன்னலோர நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பட்டை இருந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் ஜெபக்கனிக்கு உறுத்தியது. ஒன்பது நாள் வாயில்லாமல் இருந்தவன், வாயைச் சரி பண்ண ஆள் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டானா?

அவள் தன் கைக்கருவியைப் பெட்டியோடு இணைத்து நாட்குறிப்பைத் திறந்தாள். பெட்டி ஒவ்வொரு நாள் காலையிலும் ஆறரை மணிக்கு ஒழுங்காக எழுந்திருந்தது. எழுந்து, சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தது. அதற்குப் பதிலும் வந்திருந்தது. ஒன்பது நாளும் ஒரே பதில்: மறுப்பு.

ஜெபக்கனி கருவியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"மைனி, உங்க கையால ஒரு காப்பி கெடைக்குமா? சீனி கம்மியா."

கோமதி உள்ளே போனதும் அவள் ஒரு முக்காலியை இழுத்து நயினாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பெட்டிக்கு ஒண்ணுமில்ல. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அவர் ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"ஒருத்தர் வாயா இருக்குத பெட்டி தினமும் காலையில அவர்கிட்ட 'தொடங்கட்டுமா'ன்னு கேக்கணும். அது சட்டம். நாற்காலிக் கையில இருக்க பொத்தான ஒருக்க அமுக்கினா சரி, ரெண்டு தடவ அமுக்கினா வேண்டாம். வேண்டாம்னு சொன்னது வீட்டு ஆளுகளுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் திரைய இருட்டா வச்சிருக்கு. தெரிஞ்சா வற்புறுத்துவாங்கல்லா. நீங்க ஒம்போது நாளா ரெண்டு தடவ அமுக்குதீங்க."

நயினாரின் தலை லேசாக அசைந்தது. ஆமாம்.

"ஏன்னு கேக்க எனக்கு உரிமை கெடையாது. ஆனா ஒண்ணு சொல்லியாகணும். ரிப்பேருன்னு நெனச்சு உங்க மக பாதுகாவலர் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்தணும். அப்படி ஏத்திட்டா உங்களுக்காக அவங்க சரி சொன்னதா ஆயிரும், காலையில கேக்குத வேலையே இருக்காது. பட்டைய மாட்டின ஒடனே பேச ஆரம்பிச்சிரும். நீங்க வேண்டாம்னு நெனச்சாலும் பேசும்."

அவருடைய இடக்கை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தது. விரல் மூட்டுகள் வெளுத்தன. இருபது வருஷத் தொழிலில் அவள் எத்தனையோ பெட்டிகளை அழித்து ஏற்றியிருக்கிறாள். ஒரு மனுஷனின் 'வேண்டாம்' என்கிற சொல்லை அழித்ததில்லை.

சும்மா இருக்க முடியாமல் அவள் மறுபடி கருவியை எடுத்து அமைப்புகளைப் பார்த்தாள். நயம்: பத்து. அமைத்தவர்: ஜெபக்கனி.

பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிட்டது.

பட்டை மண்டைக்குள்ளிருந்து பிடிக்கிற பேச்சு அரைகுறையாகத்தான் இருக்கும். மீதியைப் பெட்டி ஊகித்து நிரப்பும். எவ்வளவு நிரப்பலாம், எவ்வளவு இதமாக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு, பூஜ்யம் முதல் பத்து வரை. கம்பெனி அதற்கு 'நயம்' என்று பெயர் வைத்திருந்தது. மாட்டுகிறவர்கள் 'சீனி' என்பார்கள். பூஜ்யத்தில் வைத்தால் பெட்டி திக்கும், திணறும், சிடுசிடுக்கும். வீட்டுக்காரர்கள் நாலு நாளில் போன் போட்டுச் சத்தம் போடுவார்கள். பத்தில் வைத்தால் போனே வராது. 'சீனியைப் பத்துல வையி, வண்டிய எடு' என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு. நாலு வருஷத்துக்கு முன் அவளும் அப்படித்தான் வைத்தாள், வண்டியை எடுத்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணாச்சி," என்றாள். "உங்க பேச்சுல சீனி போட்டது நான்தான். தப்புப் பண்ணிட்டேன். நீங்க சொல்லாததெல்லாம் அது சொல்லிச்சா?"

நயினார் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். பிறகு இடக்கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவது போல அசைத்தார்.

"சீனியா?"

இல்லை என்று தலையாட்டினார். மறுபடியும் அதே சிட்டிகை.

"உப்பும்மா," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். கோமதி காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, காப்பியில் ஆடை கட்டியிருந்தது.

"உப்பா?"

கோமதி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் என் சமையல நல்லாருக்குன்னு சொன்னதே கெடையாது. உப்பு கூடிட்டு, புளி தூக்கலா இருக்கு, இதையும் ஒருத்தி கொழம்புன்னு வைப்பாளா. இதுதான் தெனப்பாட்டு. பெட்டி வந்த பொறவு ஒரே புகழ்ச்சி. சாவு வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு, மனசு கனிஞ்சிட்டுன்னு நெனச்சேன். எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்லல."

"பொறவு?"

"ஆயுத பூஜை அன்னைக்கு எங்க வீட்டுல எந்த ஆயுதமும் வேல செய்யக் கூடாது. அருவாமனைக்கும் லீவு, பெட்டிக்கும் லீவு. எப்பவும் நான் மறந்துபோயி மத்தியானமே போட்டுருவேன். இந்தத் தடவ நாள் பூரா போடல. சாயங்காலம் சுண்டல் குடுத்தேன். அவசரத்துல உப்புப் போட மறந்திருக்கேன். ஒரு வாய் போட்டாரு பாரு, மூஞ்சி போன கோணலும், கிண்ணத்தத் தள்ளின வேகமும்! நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் தாயி நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அதுவரைக்கும் பெட்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

"மறுநாள் பெட்டியப் போட்டேன். வேணும்னே சாம்பாருல உப்புப் போடல. பெட்டி சொல்லுது, 'கோமதி, அமிர்தமா இருக்கு, உன் கைக்கு வளையல்தான் போடணும்.' இவரு மூஞ்சி அதே கோணல். நான் இவரப் பாத்தேன், இவரு என்னப் பாத்தாரு. அடுத்த நாள் காலையில பெட்டி எந்திரிக்கல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? திருட்டுத்தனத்தக் கண்டுபிடிச்சிட்டேன்னு கோவிச்சுக்கிட்டு அதுவே படுத்துட்டுன்னு நெனச்சேன்."

ஜெபக்கனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தன் குரலை வைத்துக்கொண்டு வேறு எவனோ தன் பெண்டாட்டியைக் கொஞ்சுகிறான், தடுக்க முடியாமல் இந்த மனுஷன் நாலு வருஷம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"மொதல்லயே வேண்டாம்னு அமுக்கிருக்கலாமே அண்ணாச்சி. மைனி சந்தோஷமா இருக்காங்கன்னு விட்டுட்டீங்களா?"

தலை அசைந்தது. ஆமாம்.

"மடத்தனத்தப் பாத்தியா," என்றாள் கோமதி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதக் கேட்டு வாங்கிட்டு வந்தனா நானு?"

அந்த நேரத்தில் ஜெபக்கனியின் போன் அடித்தது. ஓசூரிலிருந்து நயினாரின் மகள் செண்பகம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அழிச்சு ஏத்தியாச்சா?"

"இல்லம்மா. உங்கப்பா இஷ்டப்பட்டுத்தான் நிப்பாட்டியிருக்காரு. நான் முன்னால இருக்கும்போது அவரே சரின்னு பொத்தான அமுக்கிட்டா உங்க கையெழுத்து தேவைப்படாது. சீனியக் கொறச்சு வைக்கலாம்னு பாக்கேன்."



"எவ்வளவு கொறைப்பீங்க?"

"பூஜ்யத்துக்கு."

"அக்கா, வேண்டாம். சின்னப் புள்ளையிலேர்ந்து அப்பா எங்கிட்ட 'ம்'முக்கு மேல பேசினதில்ல. இப்ப ஞாயித்துக்கெழம ஆனா 'என் தங்கமே'ங்காரு. அத எடுத்துராதீங்க."

கோமதி கையை நீட்டிப் போனை வாங்கினாள். "செண்பா, அது அப்பா இல்லட்டி."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷமாவே தெரியும். தெரிஞ்சுதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நயினார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் ஒரு கோடாக இறங்கி மீசையில் நின்றது. கோமதி அதைப் பார்த்தாள்.

"ஏட்டி, அப்பா இங்க அழுதாரு," என்றாள். "பெட்டிய மாட்டாமலே அழுதாரு. இது ஒனக்குத்தான். ஞாயித்துக்கெழம கூப்பிடு. 'ம்'னு சொன்னாலும் அது அவரு சொன்ன 'ம்' தான்."

"சரிம்மா," என்றாள் மகள். போன் அணைந்தது.

ஜெபக்கனி சீனியைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். "மைனி, இனிமே பொறுமை வேணும். ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலாம். பாதி வார்த்ததான் வரும். கோவமும் வரும், வேண்டாத பேச்சும் வரும்."

"வரட்டும். நாப்பது வருஷம் கேட்டவதானே."

"அண்ணாச்சி, தொடங்கட்டுமா?"

நயினாரின் கட்டைவிரல் பொத்தானின் மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரு முறை அமுக்கினார். ஜெபக்கனி இரண்டாவது அமுக்கலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. திரை வெளுத்தது.

கோமதி எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் பூசணிக்காய்க் கூட்டு கொண்டுவந்து, ஒரு கரண்டி அவருக்கு ஊட்டினாள். ஊட்டிவிட்டு அங்கேயே நின்றாள். சுவர்க்கடிகாரம் ஒரு நிமிஷத்தைத் தின்றது. இன்னொரு நிமிஷத்தையும் தின்றது.

"ஏ," என்றது பெட்டி. கரகரவென்று, வழி தெரியாதவன் இருட்டில் தடவுகிற மாதிரி. "ஏ... ட்டி."

கோமதி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். நாலு வருஷமாகப் பெட்டி அவளை வாய் நிறையக் 'கோமதி, கோமதி' என்றுதான் கூப்பிட்டிருந்தது. அவர் அந்தக் காலத்தில் கூப்பிடுகிற மாதிரி 'ஏட்டி' என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"உப்பு... எங்... க." கொஞ்சம் இடைவெளி. பிறகு, எந்தத் திணறலும் இல்லாமல், தெளிவாக, அந்தப் பழைய வசவு: "மூதி."

கோமதி ஓவென்று சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. "போட மறக்கல, வேணும்னுதான் போடல," என்று சொல்லி அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். நயினாரின் பாதி முகம் சிரித்தது. மறு பாதிக்கு அது முடியாது.

ஜெபக்கனி பையைக் கட்டும்போது கோமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாயி, ஒண்ணு கேக்கட்டா? இந்த நாலு வருஷத்துல அவரா சொன்னது ஒண்ணுகூடவா இல்ல? அம்புட்டும் சீனிதானா?"

இந்தக் கேள்விக்குத்தான் ஜெபக்கனி பயந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் பங்கு எவ்வளவு, பெட்டியின் பங்கு எவ்வளவு என்று நாட்குறிப்பில் இருக்கும். பார்க்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு தடவை கேட்காமல் வண்டியை எடுத்ததால்தானே இவ்வளவும். கருவியைத் திறந்தாள். 'அமிர்தமா இருக்கு' என்பதில் அவர் பங்கு நூற்றுக்கு மூன்று. 'என் தங்கமே' என்பதில் ஒன்பது. வரிசையைத் தலைகீழாக்கி, முழுக்க முழுக்க அவருடையது ஏதாவது உண்டா என்று தேடினாள்.

ஒன்றே ஒன்று இருந்தது. ஒரே வாக்கியம், ஆயிரத்து நானூறு தடவைக்கு மேல். தினமும் படுக்கப் போகிற நேரத்தில்.

"'கதவப் பூட்டியாச்சா?'" என்று வாசித்தாள் ஜெபக்கனி. "இது முழுசா அவரு சொன்னது மைனி. நூத்துக்கு நூறு. இதுல சீனி போட எடமே இல்ல, பெட்டி தொடாம விட்டுருக்கு."

கோமதி திரும்பி நயினாரைப் பார்த்தாள்.

"அதுவா? அத நான் பெட்டிதான் ஞாபகப்படுத்துதுன்னுல்லா நெனச்சேன். அலாரம் மாதிரி. தெனமும் ஒரே வார்த்த, ஒரே நேரம். நான் பதிலே சொன்னதில்லையே தாயி. எரிச்சல்ல ஒருநாள் 'சும்மா கெட சவமே'ன்னுகூடச் சொல்லிப்புட்டேன்." வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "பஸ்ஸுல இருந்த காலத்துலயும் அதத்தான் கேப்பாரு. எந்த ஊருல தங்கினாலும் போன் போட்டு அத ஒண்ணுதான் கேட்டுட்டு வச்சிருவாரு."

ஜெபக்கனி ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வாரேன் அண்ணாச்சி, வாரேன் மைனி," என்று வெளியே வந்தாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுத் திரையில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபக்கனி செருப்பை மாட்டிக்கொண்டே போனில் தன் பழைய வேலைப் பட்டியலை இறக்கிப் பார்த்தாள். இதே மாதிரிப் பட்டை மாட்டிய வீடுகள் நூற்றுப் பதினேழு. எல்லாவற்றிலும் சீனி பத்து, எல்லாவற்றிலும் அவள் பெயர். எந்த வீட்டிலிருந்தும் இதுவரை ஒரு போன்கூட வந்ததில்லை.

முதல் வீட்டு எண்ணை அவள் அமுக்கப் போகும்போது, உள்ளே பெட்டி கரகரத்தது.

"கத... வ..."

அது முடிக்கவில்லை. முடிக்க விடவில்லை. பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு, ஜெபக்கனியின் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. பின்னாலேயே கோமதியின் குரலும் கேட்டது.

"பூட்டியாச்சு! பூட்டியாச்சுங்க, பூட்டியாச்சு."